அணைக்கும் வேளையில் திறந்திருக்கும் செயலிகளை என்ன செய்வது? விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் ஒரு வழிகாட்டி

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் வட்டாரங்களில் உள்ள கணினி மையங்களில் ஒரே கணினியைப் பலர் மாறி மாறிப் பயன்படுத்துவது வழக்கம். காலையில் ஒருவர் தமிழில் மனு தட்டச்சு செய்வார், மதியம் இன்னொருவர் மலையாளத்தில் அரசு விண்ணப்பம் நிரப்புவார், மாலையில் கடை சாத்தும் பொறுப்பு மூன்றாமவருடையதாக இருக்கும். அந்த மூன்றாமவருக்குத் திறந்து கிடக்கும் கோப்புகளில் எது முடிந்தது, எது பாதியில் நிற்கிறது என்று தெரியாது. அவர் அணைக்கும் பொத்தானை அழுத்திவிட்டு ஷட்டரை இழுத்துவிடுகிறார். மறுநாள் வந்து பார்த்தால் கணினி இரவு முழுவதும் அணையாமல் நின்றிருக்கும், அல்லது அணைந்திருக்கும், ஆனால் மனு இருக்காது. இவ்விரண்டு தொல்லைகளுக்கும் காரணமான அமைப்புகள் அநேகமாக ஒன்றேதான். ஒன்றைத் தீர்க்கப் போய் மற்றதை வரவழைத்துக்கொள்வது எளிது என்பதால், எந்த அமைப்பு என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்ட பிறகே கைவைக்க வேண்டும்.

விண்டோஸில் அணைக்கும் கட்டளை பிறந்தவுடன், திரையில் சாளரம் உள்ள ஒவ்வொரு செயலியிடமும் "அமர்வை முடிக்கலாமா?" என்று இயங்குதளம் முதலில் கேட்கிறது. சேமிக்காத வேலை எதுவும் இல்லாத செயலி சம்மதம் தெரிவித்து மூடிக்கொள்ளும். சேமிக்காத கோப்பை வைத்திருக்கும் செயலி மறுக்கலாம். உறைந்துபோன செயலி பதிலே சொல்லாமல் இருக்கலாம். மறுப்பு வந்தாலோ, ஏறத்தாழ 5 விநாடிக்குள் பதில் வராவிட்டாலோ, தடையாக நிற்கும் செயலிகளின் பெயர்களைக் காட்டும் முழுத்திரை தோன்றும். அதில் எப்படியும் அணைத்துவிடுவதற்கு ஒரு பொத்தானும், அணைப்பதைக் கைவிடுவதற்கு ஒரு பொத்தானும் இருக்கும். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து இந்த முறை நடப்பில் உள்ளது. கண்ணுக்குத் தெரியும் சாளரம் இல்லாமல் பின்னணியில் ஓடும் செயலிகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. அவை மறுத்தாலும் இயங்குதளம் தானாகவே முடித்துவிடும்.

இந்தத் திரையைத் தொல்லை என்று கருதுவோர் பலர். பலர் பழகும் கணினியில் இதுவே கடைசிக் காவல் என்பது என் கருத்து. ஆகவே கீழே சொல்லப்படும் அமைப்புகளைத் தொடங்கும் முன், அந்தத் திரை வரவேண்டிய தேவையையே குறைக்கும் வேலையை முடித்துவிடுங்கள். வேர்டில் கோப்பு மெனுவின் விருப்பங்களுக்குள் சேமிப்புப் பகுதியில் தானியங்கி மீட்பு இடைவெளி வழக்கமாக 10 நிமிடமாக இருக்கும். அதை 2 அல்லது 3 ஆக்குங்கள். லிப்ரே ஆபிஸில் கருவிகள் மெனுவின் விருப்பங்களில், ஏற்றுதல் மற்றும் சேமித்தல் தலைப்பின் பொதுப் பிரிவில் இதே வசதி உள்ளது. விண்டோஸ் 11-இன் புதிய நோட்பேட், சேமிக்காத எழுத்தையும் நினைவில் வைத்து மீண்டும் திறக்கும். பழைய நோட்பேட் அப்படிச் செய்யாது. உலாவியில் பாதி நிரப்பிய இணைய விண்ணப்பத்துக்கு மட்டும் இவை எதுவும் உதவாது. முந்தைய பக்கங்களைத் திறந்து கொடுக்கும் வசதி குரோமில் இருந்தாலும், பக்கம் திரும்பி வருமே தவிர, அதில் தட்டிய விவரங்கள் வரும் என்று நம்பியிருக்க முடியாது. அத்தகைய விண்ணப்பங்களை அந்தந்தத் தளத்திலேயே வரைவாகச் சேமித்துவிட்டு எழுந்திருப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

இனி விண்டோஸ் தன் அமைப்பு மதிப்புகளைச் சேமித்து வைக்கும் களஞ்சியமான ரிஜிஸ்ட்ரி. இங்கே தரப்படும் பெயர்கள் யாவும் ஒலிக்கும் விதத்தில் தமிழில் எழுதப்பட்டவை. கணினியில் மதிப்புகளின் பெயர்களை ஆங்கில எழுத்தில், சொற்களுக்கு இடையே இடைவெளி விடாமல் தட்ட வேண்டும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு ரிஜிஸ்ட்ரிப் பெயர்களில் பொருட்டல்ல. விண்டோஸ் விசையுடன் ஆர் விசையை அழுத்தி, ரெஜெடிட் என்று தட்டி என்டர் கொடுத்தால் ரிஜிஸ்ட்ரி எடிட்டர் திறக்கும். எதையும் மாற்றும் முன், கோப்பு மெனுவில் உள்ள எக்ஸ்போர்ட் வழியாக, மாற்றப்போகும் பகுதியின் நகலைச் சேமித்துக்கொள்ளுங்கள்.

இடப்புறப் பட்டியலில் எச்கீ கரண்ட் யூசர் என்பதைத் திறந்து, அதற்குள் கண்ட்ரோல் பேனல், அதற்குள் டெஸ்க்டாப் என்று செல்லுங்கள். மூன்று மதிப்புகள் இங்கே முக்கியம். முதலாவது ஹங் ஆப் டைம்அவுட்: ஒரு செயலி எவ்வளவு நேரம் பதில் சொல்லாமல் இருந்தால் அது உறைந்துவிட்டதாகக் கருத வேண்டும் என்பதை இது சொல்கிறது, இயல்பு மதிப்பு 5000 மில்லிவிநாடி, அதாவது 5 விநாடி. இரண்டாவது வெயிட் டு கில் ஆப் டைம்அவுட்: அணைக்கச் சொன்ன பிறகு செயலிகள் தம் வேலையை முடித்துக்கொள்ளக் கொடுக்கப்படும் அவகாசம். மூன்றாவது ஆட்டோ எண்ட் டாஸ்க்ஸ்: இதன் மதிப்பு 0 என்றால் தடுக்கும் செயலியின் பெயரைக் காட்டி உங்கள் முடிவுக்காகக் காத்திருக்கும், 1 என்றால் கேள்வி கேட்காமல் முடித்துவிடும். இவை பட்டியலில் தென்படாவிட்டால் வியப்படைய வேண்டாம். வலப்புற வெற்றிடத்தில் வலச்சொடுக்கு செய்து, புதிய ஸ்டிரிங் வகை மதிப்பாக நீங்களே உருவாக்கிக்கொள்ளலாம். எண் போலத் தோன்றினாலும் மூன்றும் ஸ்டிரிங், அதாவது எழுத்து வகையே. டிவேர்ட் என்னும் எண் வகையில் உருவாக்கினால் எதிர்பார்த்த பலன் கிட்டாது.

இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான குறிப்புகள் ஆட்டோ எண்ட் டாஸ்க்ஸை 1 ஆக்கி, அவகாசத்தை 1000 அல்லது 2000 என்று சுருக்கிவிடச் சொல்கின்றன. கணினி விரைவாக அணையும் என்பது உண்மைதான். ஆனால் மெதுவான ஹார்டு டிஸ்க் உள்ள பழைய கணினியில், ஒரு பெரிய கணக்குக் கோப்பை எழுதி முடிக்கவே அதைவிட அதிக நேரம் ஆகலாம். எழுதிக்கொண்டிருக்கும்போது செயலியைக் கொன்றால் புதிய வேலை மட்டுமல்ல, பழைய கோப்பும் கெட வாய்ப்புண்டு. ஆகவே எந்தக் கணினி என்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வாடிக்கையாளருக்கு விலைப்பட்டியலோ டோக்கன் எண்ணோ காட்டுவதற்காக மட்டும் வைத்திருக்கும் கணினியில், சேமிக்க எதுவுமே இல்லாததால், 1 என்று வைப்பதில் தவறில்லை. பலர் தட்டச்சு செய்யும் முகப்புக் கணினியிலும், கணக்குப் பதிவு நடக்கும் கணினியிலும் 0 என்றே விட்டுவிடுங்கள். வேண்டுமானால் வெயிட் டு கில் ஆப் டைம்அவுட்டை 20000 என்று தாராளமாக வையுங்கள்.

எச்கீ கரண்ட் யூசர் என்பது அப்போது உள்நுழைந்திருக்கும் பயனருக்கு மட்டும் உரியது. கணினியில் மூன்று பயனர் கணக்குகள் இருந்தால், மூன்றிலும் தனித்தனியாக நுழைந்து இதே மாற்றத்தைச் செய்ய வேண்டும். "மாற்றினேன், பயன் இல்லை" என்று வரும் புகார்களில் பலவற்றுக்கு இதுவே காரணம்.

பின்னணிச் சர்வீஸ்களுக்கான அவகாசம் வேறிடத்தில் உள்ளது: எச்கீ லோக்கல் மெஷின், சிஸ்டம், கரண்ட் கண்ட்ரோல் செட், கண்ட்ரோல் என்ற வரிசையில் சென்றால் வெயிட் டு கில் சர்வீஸ் டைம்அவுட் கிடைக்கும். விண்டோஸ் 8 முதல் இதன் இயல்பு மதிப்பு 5000. இது எல்லாப் பயனருக்கும் பொதுவானது. தரவுத்தளம் ஓடும் கணினியில் இதைக் குறைக்கவே கூடாது. கூட்டுவதற்குக் காரணம் இருக்கலாம், குறைப்பதற்கு இல்லை.

புரோ பதிப்போ அதற்கு மேற்பட்ட பதிப்போ உள்ளவர்கள் குரூப் பாலிசி எடிட்டரில் கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், சிஸ்டம், ஷட் டவுன் ஆப்ஷன்ஸ் என்று சென்றால், அணைப்பதைத் தடுக்கும் செயலிகளைத் தானாக முடிப்பதை நிறுத்தும் விதி ஒன்றைக் காணலாம். அதை எனேபிள் செய்தால், சாளரமில்லாத பின்னணிச் செயலிகளும் தம் வேலை முடியும்வரை அணைப்பதைத் தடுக்க முடியும். இரவில் பேக்கப் எடுக்கும் நிரல் ஓடும் கணினிக்கு இது பொருந்தும்; மற்றவர்களுக்குத் தேவையில்லை. ஹோம் பதிப்பில் இந்த எடிட்டர் கிடையாது.

கடை சாத்தும்போது ஒரே சொடுக்கில் அணைப்பதற்காக முகப்பில் ஒரு ஷார்ட்கட் வைத்திருப்பவர்கள், அதற்குள் என்ன கட்டளை இருக்கிறது என்று ஒருமுறை திறந்து பாருங்கள். ஷட்டவுன் என்ற கட்டளையுடன் /எஸ் சேர்த்தால் அணைக்கும். /எஃப் சேர்த்தால், சேமிக்காத கோப்பு இருந்தாலும் செயலிகளைக் கட்டாயமாக மூடும். /டி என்பது டைம் என்ற சொல்லின் முதலெழுத்து. எத்தனை விநாடி கழித்து அணைக்க வேண்டும் என்ற எண் அதன்பின் வரும். பலர் அறியாத ஒன்று இங்கே உண்டு: /டி-க்குப் பின் 0-ஐ விடப் பெரிய எந்த எண் வந்தாலும், நீங்கள் எழுதாவிட்டாலும் /எஃப் சேர்ந்துவிட்டதாகவே விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். எண்ணே தராமல் விட்டால் 30 விநாடி என்று கொள்ளும், அப்போதும் கட்டாயம்தான். "60 விநாடி கொடுத்திருக்கிறேன், யாராவது சேமிக்க நேரம் இருக்கும்" என்று எண்ணி எழுதிய கட்டளை, அந்த 60 விநாடி முடிந்ததும் யாரையும் கேட்காமல் எல்லாவற்றையும் மூடிவிடும். மாறாக, கேட்பதற்கு அவசரமாகத் தோன்றும் "ஷட்டவுன் /எஸ் /டி 0" என்பதோ உடனே அணைக்கத் தொடங்கினாலும், சேமிக்காத கோப்பு இருந்தால் நின்று பெயரைக் காட்டும். ஆகவே ஷார்ட்கட்டில் 0 வையுங்கள். நீண்ட நேரம் கொடுத்துத் தொடங்கிய ஒன்றை நடுவில் நிறுத்த வேண்டுமானால் "ஷட்டவுன் /ஏ" என்று தட்டினால் போதும்.

அணைக்கும் முன் குறிப்பிட்ட ஒரு செயலியை மட்டும் மூட விரும்பினால், டாஸ்க்கில் என்ற கட்டளையை /எஃப் இல்லாமல் பயன்படுத்தலாம். அது சாளரத்தின் பெருக்கல் குறியை நாமே அழுத்தியதற்குச் சமம். சேமிக்கட்டுமா என்று செயலி கேட்கும்.

பலர் பயன்படுத்தும் கணினியில் கவனிக்க வேண்டியவை இன்னும் சில உண்டு. ஒருவர் வெளியேறாமல் பயனரை மட்டும் மாற்றிவிட்டுப் போயிருந்தால், அணைக்கும்போது வேறொருவர் இன்னும் இந்தக் கணினியைப் பயன்படுத்துகிறார் என்ற எச்சரிக்கை வரும். அந்த எச்சரிக்கையைத் தாண்டி அழுத்தினால் அவருடைய சேமிக்காத வேலை போய்விடும். அங்கே ஆள் இல்லாததால் கேள்விக்குப் பதில் சொல்லவும் எவரும் இருக்கமாட்டார். செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ், சைன்-இன் ஆப்ஷன்ஸ் பகுதியில், மீண்டும் திறக்கக்கூடிய செயலிகளை நினைவில் வைத்து அடுத்த உள்நுழைவில் திறக்கும் வசதி இருக்கிறது. சொந்தக் கணினிக்கு அது நல்லது. பொது மையத்தில் அதை நிறுத்தி வையுங்கள். முந்தைய வாடிக்கையாளரின் பக்கம் அடுத்தவர் முன் திறந்து நிற்கக் கூடாது. விண்டோஸ் அப்டேட் பகுதியின் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் ஆக்டிவ் அவர்ஸ் என்பதைக் கடை திறந்திருக்கும் நேரத்துக்கு ஏற்ப நிர்ணயியுங்கள். 18 மணி நேரம் வரை ஒதுக்கலாம். அந்த நேரத்துக்கு வெளியே, புதுப்பித்தலுக்காகக் கணினி தானே மறுதொடக்கம் செய்யும்போது, திறந்துவிட்டுப் போன கோப்புகளுக்கு எவரும் உத்தரவாதம் தர முடியாது.

இடவப்பாதி மழையும் துலாவர்ஷத்து இடியும் மின்சாரத்தை நிறுத்தும் நாள்களுக்கு வேறு ஏற்பாடு வேண்டும். யுபிஎஸ் தரும் சில நிமிடங்களுக்குள் அணைத்தாக வேண்டும் என்ற நெருக்கடியில், தடுக்கும் செயலிகளின் பட்டியல் திரையில் வந்து நிற்பதும், அதைப் பார்க்க ஆள் இல்லாமல் யுபிஎஸ் தீர்ந்துபோவதும் நடக்கக் கூடியவை. இங்கே ஆட்டோ எண்ட் டாஸ்க்ஸை நாடுவதைவிட ஹைபர்நேட் நல்ல தேர்வு. ஹைபர்நேட்டில் செயலிகள் மூடப்படுவதே இல்லை. நினைவகத்தில் இருப்பது முழுவதும் வட்டில் உள்ள ஒரு கோப்பில் எழுதப்பட்டு, பின்னர் மின்சாரம் துண்டிக்கப்படுகிறது. மின்சாரம் வந்து கணினியைத் தொடங்கினால், பாதி தட்டிய வரியுடன் அதே திரை வரும். மேசைக் கணினிகளில் இது மறைந்திருக்கலாம். கட்டளைச் சாளரத்தை நிர்வாகி உரிமையுடன் திறந்து "பவர்சிஎஃப்ஜி /எச் ஆன்" என்று தட்டுங்கள். பிறகு கண்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில், பவர் பொத்தான் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுக்கும் பக்கத்துக்குச் சென்று, தற்போது மாற்ற முடியாதவற்றை மாற்றுவதற்கான இணைப்பை அழுத்தினால், ஹைபர்நேட்டுக்கான கட்டத்தில் குறியிடலாம். பவர் பொத்தானை ஒருமுறை அழுத்தினாலே ஹைபர்நேட் ஆகும்படியும் அதே பக்கத்தில் அமைத்துவிடுங்கள். இருட்டில் மவுஸைத் தேட வேண்டியதில்லை.

யுபிஎஸ்ஸில் யுஎஸ்பி இணைப்பு இருந்து, விண்டோஸ் அதை பேட்டரியாக அடையாளம் கண்டால், பேட்டரி அபாய அளவுக்கு இறங்கும்போது தானே ஹைபர்நேட் ஆகவும் பவர் ஆப்ஷன்ஸில் சொல்லிவைக்கலாம். மலிவான யுபிஎஸ்களில் அந்த இணைப்பு இருப்பதில்லை. அங்கே பீப் ஒலியைக் கேட்டுப் பொத்தானை அழுத்த ஒருவர் இருந்தாக வேண்டும். பவர் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்து அணைப்பது மட்டும் வேண்டாம். அது எந்தச் செயலியையும் கேட்காது, இயங்குதளத்தையும் கேட்காது.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்னும் வசதியை ஹைபர்நேட்டுடன் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதில் உங்கள் செயலிகள் வழக்கம்போல் மூடப்படுகின்றன. இயங்குதளத்தின் உட்கரு மட்டுமே வட்டில் சேமிக்கப்படுகிறது. முழுமையாக அணைக்க விரும்பினால் ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ஷட் டவுனை அழுத்துங்கள்.

நேற்று கணினி எப்படி அணைந்தது என்பதில் ஐயம் எழுந்தால், ஒருவரையொருவர் குறைசொல்வதற்கு முன் கணினி நிகழ்வுகளின் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸின் கீழ் சிஸ்டம் பகுதியைப் பாருங்கள். 1074 என்ற எண் இருந்தால், யாரோ ஒருவரோ ஏதோ ஒரு நிரலோ முறையாக அணைக்கச் சொன்னது என்று பொருள். அது யார் என்பதும் அங்கேயே இருக்கும். 6008-உம் 41-உம் எதிர்பாராமல் நின்றதைக் காட்டுபவை. முன்னது இருக்கையில் மனு தொலைந்திருந்தால் கட்டளையிலோ ரிஜிஸ்ட்ரியிலோ கைவையுங்கள். பின்னவை இருந்தால் யுபிஎஸ்ஸைப் பாருங்கள்.

பள்ளிக் கணினிகளின் கதை வேறு. கேரளத்து அரசுப் பள்ளிகளில், சித்தூர், தேவிகுளம் பகுதிகளின் தமிழ்வழிப் பள்ளிகள் உட்பட, கேரள அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட் தரும் உபுண்டு அடிப்படையிலான குனு/லினக்ஸ் பயன்படுகிறது. அங்கே ரிஜிஸ்ட்ரி இல்லை. சிஸ்டம்டி என்னும் மேலாளர் முதலில் ஒவ்வொரு சேவைக்கும் முடித்துக்கொள்ளச் சொல்லும் சிக்டெர்ம் சைகையை அனுப்புகிறது. காலக்கெடு தாண்டியும் முடியாவிட்டால் சிக்கில் சைகையால் கொன்றுவிடுகிறது. உபுண்டுவில் இயல்பான காலக்கெடு 90 விநாடி. அணைக்கும்போது கறுப்புத் திரையில் ஸ்டாப் ஜாப் ஒன்று ஓடுவதாகச் சொல்லி ஒன்றரை நிமிடம் எண்ணிக்கொண்டிருப்பது இதனால்தான். மாணவர்கள் பொறுமையிழந்து பிளக்கைப் பிடுங்குவதும் அப்போதுதான்.

பொதுக் காலக்கெடுவைக் குறைக்க, ஈடிசி அடைவுக்குள் சிஸ்டம்டி அடைவில் உள்ள சிஸ்டம்.கான்ஃப் கோப்பை நிர்வாகி உரிமையுடன் திறந்து, டிஃபால்ட் டைம்அவுட் ஸ்டாப் செக் என்ற வரியின் முன்னுள்ள # குறியை நீக்கி, மதிப்பை 30எஸ் என்று மாற்றிச் சேமித்து மறுதொடக்கம் செய்யலாம். ஆயினும் எல்லாச் சேவைகளுக்கும் ஒட்டுமொத்தமாகக் குறைப்பதைவிட, திரையில் பெயர் தெரியும் அந்த ஒரு சேவைக்கு மட்டும் குறைப்பதே முறை. சிஸ்டம்சிடிஎல் கட்டளையுடன் எடிட் என்பதையும் அந்தச் சேவையின் பெயரையும் தந்தால் ஒரு கோப்பு திறக்கும். அதில் சதுர அடைப்புக்குள் சர்வீஸ் என்ற தலைப்பிட்டு, அடுத்த வரியில் டைம்அவுட் ஸ்டாப் செக் மதிப்பை எழுதுங்கள். தரவுத்தளச் சேவைகள் சில தமக்கென்று நீண்ட காலக்கெடுவை வைத்திருக்கும், அவற்றைத் தொடாதீர்கள்.

ஜினோம் திரைச்சூழலில் அணைக்கச் சொன்னால் 60 விநாடி எண்ணிக்கையுடன் ஒரு கேள்விப் பெட்டி வரும். தடை எழுப்பத் தெரிந்த செயலிகள் மட்டும் அதில் தம் பெயரைக் காட்டும். எல்லாச் செயலிகளும் அவ்வாறு செய்வதில்லை என்பதால், வகுப்பு முடியும் முன் மாணவர்களையே கோப்பைச் சேமித்து மூடச் சொல்லுங்கள். எந்தச் செயலிகள் தடை வைத்திருக்கின்றன என்பதை முனையத்தில் "சிஸ்டம்டி-இன்ஹிபிட் --லிஸ்ட்" என்று தட்டிப் பார்க்கலாம். நீண்ட நகலெடுப்பு ஒன்றைத் தொடங்கும்போது, --லிஸ்ட் இல்லாமல், அதே கட்டளையுடன் சேர்த்துத் தொடங்கினால், அது முடியும்வரை அணைப்பது தடுக்கப்படும். எந்தச் சேவை தாமதப்படுத்தியது என்பதை மறுநாள் அறிய, "ஜர்னல்சிடிஎல் -பி -1 -இ" என்ற கட்டளை முந்தைய அமர்வின் கடைசிப் பதிவுகளைக் காட்டும். ஜர்னல் என்னும் அந்தப் பதிவேடு வட்டில் சேமிக்கப்படும்படி அமைந்திருந்தால் மட்டுமே இது வேலை செய்யும். வார் அடைவுக்குள் லாக் அடைவில் ஜர்னல் என்ற அடைவு இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.